வாடகையில் விட்டுப்போன ஆள்

எங்கள் லாரிக்கு வாடகை சொல்லும் வேலை எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால், என் வீட்டுக்காரருக்குக் கூச்சம் அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வருடம் ராணுவத்தில் வண்டி ஓட்டியவர் அவர். அங்கே எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள், போவார். எவ்வளவு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. வெளியே வந்து, கைக்கு வந்த பணத்தைப் போட்டு, மீதிக்கு ஃபைனான்ஸ் வாங்கிப் பழைய லாரி ஒன்றை எடுத்தபோதும், வண்டியைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வண்டிக்கு என்ன கேட்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

முதல் ஆறேழு மாதம் புரோக்கர் சொன்னதுதான் வாடகை. பிறகு டெல்லி சதர் பஜாரில் தையல் மிஷின் வியாபாரம் செய்யும் ஒரு லாலா, நடுவில் ஆள் இல்லாமல் நேராகவே சரக்கு தருகிறேன், மெட்ராஸுக்கு ஒரு நடைக்கு எவ்வளவு என்று சொல் என்றிருக்கிறார். இவர் சட்டென்று, "வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். அங்கே லோடுக்காகக் காத்திருந்த மற்ற டிரைவர்கள் அதை விடவே இல்லை. அதற்கப்புறம் இவரைப் பார்த்தாலே, "என்ன மதராசி, ஹோம் மினிஸ்டர் ஆர்டர் குடுத்தாச்சா?" என்பார்களாம். என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை என் தலையில் வைக்கிறாரே என்றுதான் தோன்றியது.

நான் பியூசி வரை படித்தவள். கணக்கில் நல்ல மார்க். அதை நம்பித்தான் கேட்டார். அப்போது முனிர்காவில் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கீழே வீட்டுச் சொந்தக்காரரின் எருமைகள். பெண்ணுக்கு ஒன்றரை வயது. அவள் மதியம் தூங்கும் நேரம்தான் எனக்குக் கிடைக்கும். நான்கு மதியம் உட்கார்ந்தேன். அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், மலை ஏற்றத்தில் எவ்வளவு குறையும், ஒரு டயர் எத்தனை நடை தாங்கும், எந்தெந்த ஊர் எல்லையில் சுங்கி வரி, எந்த செக்போஸ்டில் மாமூல், கிளீனருக்குச் சம்பளம், இரண்டு பேருக்கும் வழியில் சாப்பாடு, மாதாமாதம் கட்டும் டியூ. திரும்பி வரும்போது லோடு கிடைக்காமல் மெட்ராஸில் நிற்கும் நாட்களைக்கூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே லாபம் என்று ஒரு தொகை வைத்தேன். அதில்தான் வீட்டு வாடகை, பால், அரிசி, பாப்பாவுக்கு மருந்து. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். அப்புறமும் சந்தேகம் தீராமல், அதிகமாகச் சொல்லிவிட்டோமோ, கிடைத்த பார்ட்டி போய்விடுமோ என்று பயந்து, லாபத்தில் கொஞ்சம் குறைத்தேன்.

லாலா கேட்ட உடனே சரி என்றாராம். நான் அன்று பாயசம் வைத்தேன். கேட்ட உடனே ஒருவர் சரி என்றால் நாம் குறைவாகக் கேட்டிருக்கிறோம் என்று பொருள். அது எனக்குத் தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த வருடம் முழுக்க வண்டி நன்றாக ஓடியது. போய்வர பதினேழு பதினெட்டு நாள். வந்தால் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். அதில் ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். மறுநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண் சொருகும். பாப்பா அவர் விரலைப் பிடித்து இழுத்தால் விழித்து, "இன்னாமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். மற்ற லாரிகளில் நெடுந்தூரத்துக்கு இரண்டு டிரைவர்கள் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். எங்களிடம் இவர் ஒருவர்தான். சொந்த வண்டிதானே, நாமே ஓட்டிக்கொள்ளலாம் என்று இருவருமே நினைத்தோம். அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவே இல்லை.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு நடை முடித்து வந்தவரின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. டீசல் புகை என்றார். மறுநாள் நகமும் மஞ்சளானது. டாக்டர் ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். ஆறு வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாது, எண்ணெயும் நெய்யும் கண்ணில் காட்டக் கூடாது, எழுந்து வண்டி ஏறினால் பிறகு என்னிடம் கொண்டுவராதே என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஓட்டுகிறவர் இவர். திட்டு எனக்கு.

கீழ் வீட்டு அம்மா காமாலைக்கு ஒரு மாலை வாங்கி வந்து இவர் தலையில் போட்டாள். ஏதோ குச்சிகளை நூலில் கோத்தது. நோய் இறங்க இறங்க மாலை தானாக நீளமாகி இடுப்பு வரை வரும் என்றாள். நான் படித்தவள், இதையெல்லாம் நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தினமும் காலையில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன்.

நான்காவது நாள் லாலாவிடமிருந்து ஆள் வந்தது. வரும் திங்கட்கிழமை லோடு தயார் என்று. இவர் படுத்தபடியே, "வர்றேன்னு சொல்லு" என்றார்.

"எப்படிங்க போவீங்க?"

"உக்காந்துக்கினுதானே ஓட்டப் போறேன். படுத்துக்கினு இருக்கறதும் உக்காந்துக்கினு இருக்கறதும் ஒண்ணுதான்."

"டாக்டர் இன்னா சொன்னாருன்னு கேட்டீங்க இல்ல?"

"டாக்டரா டியூ கட்டுவாரு?"

லோடு விட்டுப்போனால் லாலா வேறு வண்டி பார்ப்பார். பார்த்தால் அதோடு போயிற்று. அது எனக்கும் தெரியும். இவர் ஏறினால் நாக்பூர் தாண்டுவாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை. கூலிக்கு ஒரு டிரைவரை வைத்து அனுப்பலாம் என்றேன். அதற்கு அவர், ஜங்புராவில் நம் ஆட்கள் இருக்கும் மதராசி கேம்ப்பில் சேலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், நல்ல டிரைவர், முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார், கேட்டுப் பார் என்றார்.

சொல்லி அனுப்பினேன், மறுநாளே வந்தார். நாற்பது வயது இருக்கும். வாசலிலேயே நின்று இவரை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, மஞ்சத் தேச்சுக் குளிச்சாப்பல இருக்கறீங்க" என்றார். இவர் சிரித்தார். நான் டீ கொடுத்தேன். பிறகு அவர் தன் கூலியைச் சொன்னார். ஒரு நடைக்கு முந்நூறு ரூபாய், அது போகத் தினம் பேட்டா.

"அண்ணே, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

"தங்கச்சி, நா ஒண்ணும் கூட்டிச் சொல்லலீங்க. எந்த வண்டில ஏறினாலும் இதேதான். வாடகை பேசறப்பவே டிரைவர் கூலியப் போட்டுத்தானே பேசியிருப்பீங்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அந்தப் பழைய காகிதத்தைத் தேடி எடுத்தேன். டீசல் இருந்தது, டயர் இருந்தது, கிளீனர் இருந்தார். தார்ப்பாய் கட்டக் கயிறு வாங்கிய காசுகூட இருந்தது. டிரைவர் இல்லை. எங்கள் டிரைவர் என் வீட்டுக்காரர் என்பதால் எழுதவில்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் வழியில் சாப்பிடும் இட்லியையும் ரொட்டியையும் எழுதியிருந்தேன், அவரை எழுதவில்லை.

லாபம் என்று வைத்திருந்த தொகையைப் பார்த்தேன். சேலத்துக்காரர் கேட்ட கூலிக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அப்படியானால் இந்த ஒரு வருடம் நாங்கள் லாபத்தில் சாப்பிடவில்லை. அவருடைய கூலியைச் சாப்பிட்டிருக்கிறோம், வண்டி எங்களுக்கு ஒன்றும் தரவில்லை. இப்போது அந்தக் கூலியை இன்னொருவருக்குக் கொடுத்தால் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சாவிட்டால் அவர் எழுந்து வண்டி ஏறிவிடுவார். நான்கு மதியம் உட்கார்ந்து, மூன்று முறை கூட்டிப் பார்த்து, நான் போட்ட வாடகை இது.

அவரிடம் சொல்லவில்லை. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பஸ் மாறி சதர் பஜார். வழியெல்லாம் எவ்வளவு கேட்பது என்று யோசித்தேன். முந்நூற்றைம்பது கூட்டிக் கேட்பது என்று முடிவு செய்தேன். இறங்குவதற்குள் அது அநியாயமாகத் தோன்றியது. ஒரு வருடம் ஒத்துக்கொண்டு ஓடிய வாடகையை, நமக்கு நோய் வந்தது என்பதற்காக ஏற்றிக் கேட்பது எந்த நியாயம்? அவருக்கு மிஷின் விலை ஏறவில்லையே. பஸ்ஸிலேயே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

லாலா கடை வாசலில் வைக்கோல் சுற்றிய மிஷின்களின் நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். உள்ளே பெரிய மகன் பார்சல் கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும், "அச்சா, அந்த ஹோம் மினிஸ்டரா?" என்றார் மகன். லாலா அவரை முறைத்துவிட்டுப் பாப்பாவுக்குப் பால் வரவழைத்தார். என் இந்தி கீழ் வீட்டு அம்மாவிடம் கற்றது. எருமையைப் பற்றிப் பேச அது போதும், வாடகையைப் பற்றிப் பேசப் போதாது. முந்நூற்றைம்பது கூட்டித் தர வேண்டும் என்று எப்படியோ திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அவர்கள் இந்தியில் பேசியதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"பாரும்மா, உன் ஆளே ஓட்டறான்னுதான் நான் அவன்கிட்ட சரக்கு குடுக்கறேன்" என்றார் லாலா. "வண்டிக்காரனே ஓட்டினா ஒரு ஸ்க்ரூகூடக் குறையாது. கூலிக்காரன் ஓட்டினா எனக்குப் பயம். நியாயமாப் பாத்தா நான் குறைச்சுத்தான் குடுக்கணும். நீ ஏத்திக் கேக்கற."

அதில் உண்மை இருப்பதாகவே எனக்குப் பட்டது. இருந்தாலும், இதுவரை போட்ட வாடகையில் டிரைவர் கூலியே இல்லை, நான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்றேன்.

"அதுல என்ன தப்பு? சொந்தத் தொழில்னா அப்படித்தான். என் ரெண்டு பசங்களும் காலைலேருந்து ராத்திரி வரைக்கும் இங்கதான் கிடக்கறாங்க. அவங்க சம்பளத்த நான் மிஷின் வெலைல சேக்கறேனா?"

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. மடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. "சேக்கறதில்லையா?" என்று கேட்டேன்.

உள்ளே மகன் சத்தமாகச் சிரித்தார். "சொல்லுங்க பாபுஜி. சேக்கறீங்களா இல்லையா? எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்."

"நீ சும்மா இரு. சோறு போடறேன். கல்யாணம் பண்ணி வெச்சேன். உன் பொண்டாட்டிக்கு வளையல் யார் வாங்கினா?"

"அந்தக் காசு எங்கேருந்து வந்துச்சு?"

"மிஷின்லேருந்துதான், வேற எங்கேருந்து" என்று சொல்லிவிட்டு லாலா நிறுத்தினார். பால் தம்ளரைப் பாப்பாவின் வாயிலிருந்து எடுத்து, தன் துண்டால் அவள் மேலுதட்டைத் துடைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், "இருநூறு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்றார்.

நான் தலையாட்டினேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான், ஐந்நூறு கேட்டிருந்தால் முந்நூற்றைம்பதில் நின்றிருக்கும் என்று புத்தி வந்தது. குழந்தைக்குப் பால் வாங்கித் தந்தவரிடம் அப்படி விளையாடுவதா என்று அடுத்த ஸ்டாப்பில் தோன்றியது. வீடு வந்து சேரும் வரை இரண்டும் மாறி மாறி வந்தன.

இவருக்கு விஷயத்தைச் சொன்னதும் கோபம்தான் வந்தது. "நீ எதுக்குப் போனே? பாப்பாவையும் தூக்கிக்கினு அந்த நெரிசல்ல? நம்ம கஷ்டத்த அவன்கிட்ட போய் சொல்லணுமா?" பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "எவ்ளோ குடுத்தான்?" என்றார். சொன்னேன். "பரவாயில்ல" என்றார்.

சேலத்துக்காரருக்குச் சரி என்று சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை மதியம் லோடு ஏற்றிய வண்டியை அவர் முனிர்கா வெளிச்சாலையில் கொண்டுவந்து நிறுத்தினார். சேலத்துக்காரர் பையோடு கீழே நின்றிருந்தார். வண்டிக் காகிதங்களைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று இவர் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நேரமாகியும் வரவில்லை. நான் பாப்பாவோடு ஓடிப் போய்ப் பார்த்தால், கழுத்தில் அந்தக் காமாலை மாலையோடு காபினில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"நாக்பூர் வரைக்கும் கூட போய்ட்டு வந்துடறேன். புது ஆளுக்கு வண்டி பழகணும் இல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, தெருவில் அழக் கூடாதே என்று நின்றேன். சேலத்துக்காரர்தான் பேசினார். "ஏனுங்க, நீங்க வந்தா நா வண்டி ஓட்டறதா, உங்களப் பாத்துக்கறதா? ரெண்டு வேலைக்குமா தங்கச்சி கூலி பேசுச்சு? அப்படின்னா இன்னொரு முந்நூறு எடுத்து வைங்க."

இவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக இறங்கினார். சாவியைச் சேலத்துக்காரர் கையில் கொடுத்தார்.

இரண்டு நடை அந்த அண்ணன் ஓட்டினார். ஒரு ஸ்க்ரூகூடக் குறையவில்லை. அந்த இருநூறிலும் திரும்பி வந்த லோடில் கிடைத்ததிலும் ஆறு வாரத்தைத் தள்ளினோம். பாப்பாவுக்குப் பால் நிற்கவில்லை. என் டீயில் பால் நின்றது. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கண் வெளுத்ததும் இவர் முதல் காரியமாக சதர் பஜார் போனார். சாயங்காலம் சந்தோஷமாகத் திரும்பினார். கையில் ஒரு டப்பா நெய். லாலா கொடுத்ததாம்.

"எதுக்கு நெய்?"

"அந்த இருநூற இனிமே வேணாம்னு சொல்லிட்டேன். நானே ஓட்டறப்ப டிரைவர் கூலி வாங்கறது கேவலமா இருக்கு. அவருக்கு ஒரே சந்தோஷம். இந்தக் காலத்துல இப்படி ஒருத்தனான்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு."

நெய் அவருக்கு இன்னும் மூன்று மாதம் ஆகாது. டப்பாவை வாங்கி மேலே வைத்தேன். மறுநாள் காலையில், "மறுபடியும் உடம்புக்கு வந்தா?" என்று மட்டும் கேட்டேன். "வந்தா அப்ப பாத்துக்கலாம்" என்றார். அவர் நல்லவர்தான். நல்லவர் என்று பெயர் வாங்குவதில் அவருக்குள்ள சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. லாலாவிடம் மறுபடி போகவும் தைரியம் இல்லை.

திரும்பும் லோடு என் கையில் இருந்தது. மெட்ராஸில் புளி மண்டிக்காரர்களிடம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று நான்தான் ஒவ்வொரு நடைக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் அவர் சொல்வார், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். அடுத்த முறை எழுதும்போது ஒரு டிரைவருக்கு உரியதை அதில் சேர்த்தேன். முழுவதும் சேர்க்கப் பயமாக இருந்தது, பாதி சேர்த்தேன்.

திரும்பி வந்து, "மண்டிக்காரன் மூஞ்சியச் சுளிச்சான். அப்புறம் குடுத்துட்டான்" என்றார். "டீசலுக்குப் போட்டியா?"

"ஆமா" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று எழுத ஆசைதான். முதல் பொய் இல்லை, ஆனால் பெரியது.

அது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்தப் பாதியைத் தனியாக வைத்துக்கொண்டே வந்தேன். நடுவில் டயர் வெடித்தபோது ஒரு முறையும், பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஒரு முறையும் கை வைத்தேன். இருந்தும் ஒரு நடைக்கு ஆள் போடும் அளவு சேர்ந்திருக்கிறது. இவருக்கு இப்போதெல்லாம் நடை முடித்து வந்த அன்று பீடியைப் பற்றவைக்க இரண்டு தீக்குச்சி வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பாப்பாவைக் கீழ் வீட்டில் விட்டுவிட்டு வந்துதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் கணக்குக் காகிதத்தை வாங்கி வரி வரியாகப் படித்தார்.

"இதுல டிரைவர்னு போட்டிருக்கறது நானா?"

"ஆமாங்க."

"என்கிட்டயே சொல்லாம எனக்குக் கூலி வாங்கியிருக்கே."

"இந்த நடைக்கு அந்த சேலத்து அண்ணன அனுப்பலாங்க. நீங்க வீட்ல இருங்க."

"நான் இருந்து இன்னா பண்றது, பதினெட்டு நாளு?"

"தூங்குங்க" என்றேன்.

சரி என்று அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை லோடு. சேலத்துக்காரர் ஊரில் இருக்கிறாரா என்று சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மதியம் ஜங்புராவுக்குக் கிளம்பிப் போயிருக்கிறார். இன்னும் வரவில்லை.